கட்டற்ற சர்க்கரை என்றால் என்ன? தினமும் குடிப்பவற்றில் அதை எப்படிக் குறைப்பது?

நாமோ ஆலையோ சேர்க்கும் சர்க்கரையும், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே இருப்பதும் கட்டற்ற சர்க்கரை. முழுப் பழத்திலும் வெறும் பாலிலும் உள்ளது இதில் சேராது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏன் இந்தப் பாகுபாடு? முழுப் பழத்தின் நார் சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். சாற்றில் அந்தத் தடை இல்லை, வயிறும் நிறையாது. கல்யாணப் பந்திக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தால் பரிமாறிவிடலாம். ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினால் அடுப்படி திணறும். உடம்பும் அப்படித்தான்.

தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரல் முதல், 100 மில்லியில் 4 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள இனிப்புப் பானங்களுக்கு வரி உண்டு. டர்பன் கடைகளில் வாங்கும்போது அந்த 4 கிராமையே அளவுகோலாக வையுங்கள். லேபிளில் 'ஒரு பரிமாறல்' என்ற வரிசையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 100 மில்லி வரிசையைப் பாருங்கள். அங்கே 10 கிராம் என்றிருந்தால் 330 மில்லி டின்னில் 33 கிராம். ஒரே டின்னில் நாள் கணக்கே தாண்டிவிடுகிறது!

டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்துவது கடினமாக இருந்தால், படிப்படியாகக் குறைக்கலாம். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும். ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகை டீயில் துவர்ப்பு குறைவு. சர்க்கரையில்லாமல் தொடங்க அதுவே எளிது. கண்டென்ஸ்ட் மில்க்குக்கு மாறுவது குறைப்பதாகாது, அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற பழச்சாற்றில் சர்க்கரையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தமான ஆரஞ்சுச் சாற்றிலும் 100 மில்லிக்கு 8 கிராம் அளவில் இருக்கும், சுத்தமான சாற்றுக்கு அந்த வரி இல்லை என்பது இதை மாற்றாது.