பிள்ளைகளோடு புதுச்சேரியில் ஒரு நாள்

கேள்வி: ஐந்து வயது மகள், பத்து வயது மகனுடன் கடலூரிலிருந்து பஸ்ஸில் புதுச்சேரி வருகிறோம். ஒரே நாளில் எதையெல்லாம் காட்டலாம்?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள், அம்மா. சின்னவளின் கால்கள்தான் உங்கள் திட்டம். விடியற்காலையிலேயே கிளம்பி வந்தால், கடற்கரைச் சாலையில் வண்டித் தொல்லை இல்லாமல் ஓடவிடலாம். 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் அங்கேதான் இருக்கிறது. கரையோரப் பாறைகளில் மட்டும் ஏறவிடாதீர்கள்.

அடுத்து பாரதி பூங்கா. எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்தது அதன் நடுவிலுள்ள ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்து ஊருக்குக் குளம் வெட்டித் தந்த ஆயியின் கதையை அந்த மரநிழலிலேயே சொல்லுங்கள். அரசர் பெயரில்லாமல் ஒரு தாசியின் பெயரால் நிற்கும் நினைவுச்சின்னத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். மகளுக்கு அவள் தண்ணீர் தந்த அம்மா என்றால் போதும்.

பக்கத்திலேயே அருங்காட்சியகம். பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியச் சாடித் துண்டுகளை மகன் அங்கே பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் தாவரவியல் பூங்கா. பாரதியார் வாழ்ந்த வீட்டை அடுத்த பயணத்துக்கு வையுங்கள். அதற்குத் தூக்கம் வராத குழந்தை வேண்டும். ஞாயிறென்றால் இருட்டுமுன் பஸ் ஏறிவிடுங்கள்.