மூடுபனியும் நோவாவும்

ஐயா, நோவாக்களைச் சூழ்ந்த ஐதரசன் வாயுவை ரேடியோ தொலைநோக்கியால் ஆராய்கிறார்களாம். வெடித்துச் சிதறிய வாயுவைத்தான் 21 செ.மீ. அலையில் பிடிக்கிறார்களா? வானியல் படிக்க ஆசை. ஆனால் இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் பாதி நாள் வானமே தெரியாது. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள் வீட்டில்.
– உயர்தர மாணவர் ஒருவர்

தம்பி,

சிதறிய வாயு அல்ல. வெண்குள்ளன், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம், தன் துணை விண்மீனிடமிருந்து இழுத்துச் சேர்த்த ஐதரசன் ஒருநாள் அணுக்கருத் தாக்கத்தால் வெடிப்பதுதான் நோவா. அந்தச் சூட்டில் இலத்திரன்கள் பிய்ந்துவிடும். அவை ஐதரசனின் அணுக்கருவான புரோத்தன்களுக்கு அருகே வளைந்து ஓடும்போது பரந்த அலைநீளங்களில் ரேடியோ அலை வரும். 21 செ.மீ. கோடு, இலத்திரனை இழக்காத குளிர்ந்த ஐதரசனுடையது. 1901இல் வெடித்த பெர்சியஸ் நோவாவைச் சுற்றி அதுவும் இருக்கிறது. வெடிப்புக்கு வெகுமுன்பே வெளியேறிய பழைய வாயு என்று கருதுகிறார்கள். இரண்டையும் குழப்பாதே.

பனிமூட்டத்தைச் சாட்டுகிறாயே, அதுதான் எனக்குக் கோபம். 21 செ.மீ. அலைக்குப் பனித்துளி ஒரு பொருட்டே இல்லை. எங்கள் காம்பராவிலிருந்து பார்த்தால் மழைக்காலத்தில் எதிர் லயம் தெரியாது. அப்பாவின் ரேடியோவுக்குப் பின்மூடி கிடையாது; பற்றரியை ரப்பர் வளையத்தால் இறுக்கியிருப்பார், தீர்ந்ததை அடுப்புத் திண்டில் சூடாக்கி மறுபடி போடுவார். எந்த மூட்டத்திலும் பாட்டு வந்தது. உனக்கு மட்டும் வானம் மூடியிருக்கிறதா?

தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நம் ஆட்கள் போய் இறங்கிய மலைகளில் நீலகிரியும் ஒன்று. அங்கே ஊட்டியில் 1970இல் இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு 530 மீற்றர் நீள ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவிலேயே கிடத்தியது. சரிவு 11 பாகை, ஊட்டியின் அகலக்கோடும் ஏறக்குறைய அதுவே. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரம். அந்த ஓர் அச்சில் திருப்பியே ஒரு விண்மீனை மணிக்கணக்கில் தொடரலாம். அது 92 செ.மீ. அலைக்கானது, இருக்கட்டும். நம் அகலக்கோடு 7 பாகை. கொழுந்துக் கூடையோடு நம் அம்மாமார் ஏறும் மலையில் 7 பாகை ஒரு ஏற்றமா? நம் மலையிலும் ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்க வேண்டாமா? லயத்துப் பிள்ளைதான் கேட்கவேண்டும், தம்பி.

வீட்டார் பேச்சை விடு. நீ படிக்க உட்கார்ந்தால் அவர்களே தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள்.

சரி, ஒரு வேலை. பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி, வடக்கே உயர்ந்து தெற்கே தாழும் சரிவு உங்கள் தோட்டத்தில் எங்கே இருக்கிறது என்று அளந்து எழுது.