துடும்புக்கு இடம் விடுங்கள்

அண்ணா, வணக்கமுங்க. கொஞ்ச நாளாகச் சினிமாப் பாட்டை விட்டுவிட்டு இண்டிப் பாட்டுகள்தான் கேட்கிறேன். நீங்கள் இப்போது எதைக் கேட்கிறீர்கள்? இன்னொன்றுங்க: எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் துடும்பு, உருமி, பறை மூன்றையும் போனில் பதிந்து, நண்பர்களோடு கிதாரும் 808 பேஸும் (எலெக்ட்ரானிக் கீழ்ஒலி) சேர்த்து ஒரு பாட்டு செய்தோம். நேரில் நெஞ்சை அதிரவைத்த மேளம் பாட்டில் தகர டப்பா மாதிரி கேட்கிறது. எங்கே தப்பு?

ம., கோபிசெட்டிபாளையம்

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இரண்டு கேள்வியும் ஒன்றோடொன்று ஒட்டியவை. இப்போது நான் விரும்பிக் கேட்பதெல்லாம் தோல்வாத்தியத்துக்கும் நாட்டுக்குரலுக்கும் இடம் விட்ட பாட்டுகளைத்தான்.

2008-இல் வந்த 'அவியல்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். திருவனந்தபுரத்துக் குழு, மலையாளப் பாட்டு, முழுக்க ராக். ஆனாலும் நாட்டுப்பாட்டின் சந்தம் சந்தமாகவே நிற்கிறது, கிதார்தான் அதற்கு வளைந்துகொடுக்கிறது. அடுத்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. கானாவும் பறையும் சட்டியும் கட்ட மோளமும் எலெக்ட்ரிக் கிதாரோடு சேரும் குழு. பறை முன்னே வருகிற இடத்தில் கிதார் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். 2021-இன் 'என்ஜாய் எஞ்சாமி'யைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். பாடகி தீயின் மென்குரலும் ராப் பாடகர் அறிவின் திறந்த குரலும் ஒப்பாரிச் சாயலும் ஒன்றையொன்று மூடாமல் வருவதற்காக இன்னொரு முறை கேளுங்கள். 2024-இன் 'கட்சி சேர' கச்சிதமான பாட்டு, ஆனால் உங்கள் வேலைக்கு அதில் பாடம் குறைவு.

இனி உங்கள் மேளம். முதல் தப்பு போனுடையது. பேச்சைப் பதியச் செய்த கருவி அது. சத்தம் ஏறினால் தானே மட்டத்தை இறக்கும், ஓய்ந்தால் ஏற்றும். அடியின் முனை அங்கேயே மழுங்கிவிடும். உருமியில் வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது எழுகிற முனகலைப் பல போன்கள் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். உருமியில் அதுதானே உயிர்!

கையடக்க ரெக்கார்டர் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு, உச்ச அடி ரெக்கார்டர் திரையில் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். ஒத்திகை அடியை நம்பி வைக்காதீர்கள். குழு வேகம் பிடித்ததும் சத்தம் வெகுவாக ஏறி, பதிவு உடையும். தூரம் 3, 4 மீட்டர் போதும். ரொம்பக் கிட்டே வைத்தால் குச்சி படுகிற ஓசைதான் மிஞ்சும், தோலின் கும்மென்ற அதிர்வு விரிய இடம் இருக்காது.

இரண்டு மைக் வைப்பதானால் கணக்கு முக்கியம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு மைக் துடும்புக்கு அரை மீட்டரிலும் மற்றது 3 மீட்டரிலும் இருந்தால் 7 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் வரும். அப்படியே கலந்தால் 70 ஹெர்ட்ஸை ஒட்டிய கீழ்ஒலியில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கம்ப்யூட்டரில் இரண்டு பதிவையும் பெரிதாக்கி, முதல் அடியின் முனைகள் நேராகும்வரை தூரத்து மைக்கின் பதிவை முன்னால் நகர்த்துங்கள். பிறகும் மெலிந்து கேட்டால் ஒன்றின் துருவத்தைத் திருப்பி, அதாவது ஒலியலையை மேல்கீழாகப் புரட்டிப் பாருங்கள்.

நோம்பியிலேயே பதிய வேண்டாம். குழாய் ஸ்பீக்கர், வேட்டு, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து விழும். குழுவுக்கு உரிய கூலி கொடுத்துத் தனியாக ஒரு நாள் களத்துக்கு அழையுங்கள். பாட்டை வெளியிடும்போது கலைஞர்கள் பெயரையும் போடுங்கள், இதில் சமரசமே வேண்டாம். பக்கத்தில் விசைத்தறி ஓடுகிற இடமானால் மாதாந்திர மின்தடை நாளாகப் பாருங்கள். தறி நிற்கும், ரெக்கார்டர் பேட்டரியில் ஓடும். ஆனி, ஆடிக் காற்றில் மைக்குக்கு ரோம உறை இல்லாமல் போகாதீர்கள்.

பறையைத் தீயில் காய்ச்சி அடிப்பார்கள். ஆற ஆறத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். காய்ச்சியதும் பதிந்த அடியையும் ஆறிப்போன அடியையும் வெட்டி ஒட்டினால் காது உடனே பிடித்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் காய்ச்ச நேரம் கொடுங்கள்.

மிக்ஸிங்கில் இரண்டாவது தப்பு நடந்திருக்கும். 808 பேஸின் ஆழமும் துடும்பின் அடியும் ஒரே கீழ்ப்பகுதியில் மோதுகின்றன. துடும்பு அடிக்கிற இடங்களில் 808-ஐ எடுத்துவிடுங்கள், அல்லது சைட்செயின் போட்டு ஒவ்வொரு அடிக்கும் அது பதுங்கும்படி செய்யுங்கள். பறைக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம், துடும்பை வெட்டாதீர்கள். மொத்தப் பாட்டையும் சத்தமாக்க லிமிட்டரில் (ஒலியின் உச்சத்தை அமுக்கும் கருவி) நசுக்குவதிலும் பலனில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கிவிடும். நசுங்கிய அடி நசுங்கியபடியேதான் கேட்கும்.

கிளிக் (காதில் ஓடும் சீரான தாளத் தட்டு) வைத்து மேளக்காரர்களை அடிக்கச் சொல்லியிருந்தால் அதையும் விடுங்கள். உருட்ட உருட்டக் காலம் ஏறுவது இந்த ஆட்டத்தின் இயல்பு. அடிகளை மென்பொருளின் காலக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தினால் ஆடுகிற கால் நின்றுபோகும். மேளத்தை முதலில் பதிந்து, அதன் ஏற்றத்துக்கு ஏற்ப மென்பொருளில் டெம்போ (தாள வேகம்) வரைந்து, கிதாரைக் கடைசியில் வாசியுங்கள்.

மிக்ஸைப் போன் ஸ்பீக்கரில் மட்டும் சரிபார்க்காதீர்கள், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரும்பாலும் ஒன்றும் வராது. புதுப் பதிவு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆடியோவாக வேண்டாம், வேவ் கோப்பை டாக்குமென்டாக இணைத்துவிடுங்கள்.