இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்று பெயர் போட்ட பி.பி.ஏ.: பணம் கட்டலாமா?

விருதுநகரிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: மகள் பிளஸ் டூ வணிகவியலில் 94 சதவீதம். இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆக வேண்டுமாம். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரிலேயே பி.பி.ஏ. இருக்கிறது, 11 லட்சம், வேலை உறுதி என்கிறார் அட்மிஷன் கன்சல்டன்ட். சீட்டை பிளாக் செய்ய இந்த வாரமே 25,000 கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். உறுதி தருகிற அந்த வேலை என்ன வேலை என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டு வங்கிகள் பெங்களூரிலும் சென்னையிலும் பெரிய அலுவலகங்கள் வைத்திருக்கின்றன, அங்கே இப்படிப் படித்து வருபவர்களை எடுப்பது பெரும்பாலும் ஆபரேஷன்ஸுக்கு. யாரோ வாங்கி விற்ற பங்குகளின் கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா, வாடிக்கையாளரின் கேஒய்சி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கம்பெனிகளை இணைப்பது, ஐபிஓ (ஒரு கம்பெனி முதல்முறை பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) கொண்டுவருவது என்று உங்கள் மகள் மனதில் வைத்திருப்பது வேறு. அது பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளில் அதற்குப் பெயர் மெர்ச்சன்ட் பேங்கிங். ஆபரேஷன்ஸில் நுழைந்து அங்கே தாண்டுவது மிகவும் கடினம். இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், கேட்பாரில்லை. கன்சல்டன்ட்டுக்குக் கல்லூரி தரும் கமிஷனும் உங்கள் ஃபீஸிலிருந்துதான் போகிறது. 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு ஏஐசிடிஇ (தொழில்நுட்ப, மேலாண்மைப் படிப்புகளுக்கான மத்திய அமைப்பு) வரம்புக்குள் வந்துவிட்டது, அதன் அனுமதி இருக்கிறதா என்றாவது சொன்னாரா?

பட்டப்படிப்பு முடித்த கையோடு உங்கள் மகள் கேட்கிற இந்த வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கல்லூரிகள் கொஞ்சம்தான். டெல்லியில் ஸ்ரீராம் காலேஜ் ஆஃப் காமர்ஸ், ஷஹீத் சுக்தேவ் கல்லூரி இரண்டும் அதில் உண்டு, ஃபீஸும் நீங்கள் சொன்ன தொகையில் சிறு பகுதிதான். 2022 முதல் அங்கே சேர க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பமோ நம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்குள் முடிந்துவிடுகிறது, நம் ஊர்ப் பள்ளிகளில் எத்தனை பேர் இதை நேரத்தில் சொல்கிறார்கள்? ரிசல்ட் வந்த பிறகு பெற்றோர் அலைவதும், கன்சல்டன்ட் கையில் சிக்குவதும் இதனால்தான். எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது.

சரி, மகள் க்யூட் எழுதவில்லை என்றால்? சிஏ, அதாவது ஆடிட்டர் படிப்பு இருக்கிறது. கல்லூரிப் பெயர் இல்லாமலே இந்த வேலைக்குள் நுழைய நான் நம்பிச் சொல்லக்கூடிய ஒரே வழி. அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் இப்போது வருடம் மூன்று முறை நடக்கிறது, ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடமாகக் குறைந்துவிட்டது. சென்னையில் மாலைக் கல்லூரியில் பி.காம். படித்தபடி, முறையாக அனுமதி வாங்கி ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒன்று, பாஸ் ஆனால் மட்டும் போதாது. எத்தனையாவது முயற்சி என்று கேட்பார்கள். முதல் முயற்சியில் ரேங்க்கோடு வந்தால் எந்தக் கல்லூரி என்று பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், நான்கு முயற்சி ஆனால் சிஏவாக நல்ல வேலை கிடைக்கும், இந்த வேலை கிடைப்பது சந்தேகம். ஆர்ட்டிகிள்ஷிப்பையும் வீட்டுக்குப் பக்கத்தில் என்று பார்க்காமல், கம்பெனியை மதிப்பிடுவது, கம்பெனி கைமாறுவது போன்ற வேலைகள் வருகிற பெரிய ஆடிட்டர் அலுவலகத்தில் பிடிக்கப் பாருங்கள்.

கன்சல்டன்ட் மறுபடி கூப்பிட்டால், போன வருடம் வேலைக்குப் போனவர்களின் பதவிப் பெயரோடு பட்டியலை எழுத்தில் கேளுங்கள். சராசரிச் சம்பளக் கதை வேண்டாம், பதவிப் பெயர்தான் வேண்டும்.