கேட்டீர்கள், சொல்கிறேன்: மெட் காலாவின் மண்டபத்துக்குள்ளே

நியூயார்க்கில் 'மெட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக மே மாத முதல் திங்கட்கிழமையன்று நடக்கும் மெட் காலா என்னும் நிதி திரட்டும் விருந்தைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை யார் என்ன உடுத்தி வந்தார் என்பதைப் பற்றியவை. அதை எழுதப் பலர் இருப்பதால், அந்த விருந்து எப்படி உருவாக்கப்படுகிறது என்று கேட்ட கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 'நிதி திரட்டும் விருந்து' என்று சொல்லிக்கொண்டு ஒரே இரவுக்கு இவ்வளவு ஆடம்பரம் செய்கிறார்களே, அந்தப் பணத்தை நேராக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடக் கூடாதா?
– திருப்பூர் வாசகர்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இந்த நிதி எதற்குப் போகிறது என்று பார்த்தால், நேராகக் கேட்டால் எளிதில் கிடைக்காது என்பது புரியும். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவான காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட், 1937இல் ஐரீன் லூயிசன் தொடங்கிய தனி அருங்காட்சியகமாக இருந்து, 1946இல் ஆடைத் தொழில்துறையின் நிதியுதவியோடு மெட்டுடன் இணைந்தது. அன்று முதல் தன் செலவைத் தானே தேடிக்கொள்ள வேண்டிய பிரிவாகவே அது இருந்துவருகிறது. அதன் சேகரிப்பில் 33,000க்கும் மேற்பட்ட ஆடைகளும் அணிபொருள்களும் உள்ளன. பட்டுப் புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் மடிப்பு வழியே இற்றுப்போகும் என்பது நம் வீட்டுப் பீரோவே கற்றுத்தந்த பாடம். இரண்டு மூன்று நூற்றாண்டுப் பட்டை இருட்டிலும் சீரான ஈரப்பதத்திலும் பூச்சி அண்டாமலும் வைத்திருப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். கிடங்கு அடுக்குகளுக்குப் பணம் தருகிறேன் என்று முன்வருகிறவர் குறைவு; அதே பணத்துக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்றால் வரிசையில் நிற்பார்கள்.

விளம்பரத் தொடர்பாளர் எலனோர் லாம்பர்ட் 1948இல் இந்த விருந்தைத் தொடங்கியபோது ஒரு டிக்கெட் 50 டாலர். 2024இல் அது 75,000 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 62 லட்சம் ரூபாய். ஒரு மேசைக்கு 3,50,000 டாலரிலிருந்து விலை தொடங்கியது. பெரும்பாலும் ஆடை நிறுவனங்கள்தாம் மேசைகளை வாங்கி நட்சத்திரங்களை அழைத்துவருகின்றன. பணம் இருந்தால் மட்டும் போதாது, 1995 முதல் விருந்தை நடத்திவரும், 'வோக்' ஆடை இதழின் நீண்டகால ஆசிரியரான ஆனா வின்டூரின் ஒப்புதலும் வேண்டும். 2024இல் 2.6 கோடி டாலரும், 2025இல் 3.1 கோடி டாலரும் திரண்டன. ஆடம்பரம் கண்ணை உறுத்துகிறது என்பதை நான் மறுக்கவில்லை, எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும், ஏறத்தாழ நானூறு பேர் உண்ட ஓர் இரவு விருந்து ஒரு துறையையே நடத்துகிறது என்ற கணக்கை மறுக்க முடியவில்லை.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருப்பொருள் வைக்கிறார்கள். அதை அலங்காரமாக மாற்றுவது எப்படி? எந்தத் திருமண மண்டபத்தையும் பூவால் நிரப்பலாமே, இதில் என்ன தனித்திறமை?
– சென்னையிலிருந்து உள்ளலங்காரக் கலை மாணவி

பதில்: கருப்பொருள் விருந்துக்காகப் பிறப்பதில்லை, கண்காட்சிக்காகப் பிறக்கிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1972இல் காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட்டின் ஆலோசகராக வந்த டயானா வ்ரீலண்ட், விருந்தை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்து, கண்காட்சியின் பொருளே விருந்தின் பொருளும் ஆகும் வழக்கத்தை நிலைப்படுத்தினார். காட்சிக்கூடத்தில் பொருத்தமான வாசனைத் திரவியம் தெளிக்கச் செய்தவரும் அவரே. அதற்கு முன்பு இது ஹோட்டல்களில் நடக்கும் பல விருந்துகளில் ஒன்றாகத்தான் இருந்தது.

நல்ல அலங்காரத்துக்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்புவது 2015ஆம் ஆண்டு விருந்து. சீனத்தை மேற்கத்திய ஆடைக்கலை எப்படிக் கற்பனை செய்தது என்பதே அவ்வாண்டுக் கண்காட்சியின் பொருள். அதன் கலை இயக்குநர் ஹாங்காங் திரைப்பட இயக்குநர் வோங் கார்-வாய். 2007 முதல் விருந்தின் வடிவமைப்பைக் கவனித்துவரும் ராவுல் அவிலா, நுழைவுப் பெருமண்டபத்தின் நடுவில் நீலமும் வெள்ளையுமான ஒரு மாபெரும் பீங்கான் குடுவையை நிறுத்தினார். அருகே போனால்தான் அது பீங்கான் அன்று, இரண்டரை லட்சம் ரோஜாக்கள் என்று தெரியும். இயற்கையில் நீல ரோஜா கிடையாது, அந்த நிறத்துக்கு வேண்டிய நிறமி ரோஜாவிடம் இல்லை. ஆகவே நீலம் முழுவதும் பூவின்மேல் ஏற்றப்பட்ட சாயம். பிழைப்புக்காகச் செய்த தந்திரம் போலத் தோன்றும் இந்தச் சாயத்திலேயே கண்காட்சியின் பேச்சு முழுவதும் அடங்கியிருந்தது என்பது என் கருத்து. பீங்கானின் நீலத்துக்கான கோபால்ட் என்னும் தாது பாரசீகத்திலிருந்து சீனத்துக்குப் போனது. அதைக் கொண்டு சீனர் தீட்டிய பீங்கான் ஐரோப்பாவுக்குப் போனது. ஆங்கிலேயக் குயவர்கள் அதைப் பார்த்து 'வில்லோ' என்னும் கோலத்தைத் தாமே கற்பனை செய்ய, பிறகு சீனத்துப் பட்டறைகளே அந்த ஆங்கிலக் கற்பனையை நகலெடுத்து ஏற்றுமதி செய்தன. எது அசல், எது நகல் என்று பிரிக்க முடியாத அந்தக் கதையை, பீங்கானாக வேடமிட்ட ரோஜாக் குவியல் ஒரு வார்த்தையும் இல்லாமல் வாசலிலேயே சொல்லிவிட்டது. திருமண மண்டபத்துப் பூவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அங்கே பூ, பூவாகவே இருந்தால் போதும்.

மறைந்த வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டைப் பற்றிய 2023ஆம் ஆண்டுக் கண்காட்சியை ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டடாவோ ஆண்டோ வடிவமைத்தார். லாகர்ஃபெல்டுக்காக அவர் ஒரு காலத்தில் வரைந்த கட்டடம் கட்டப்படாமலே போனது என்பதால், அந்தத் தேர்வில் ஒரு பழைய கடன் தீர்ந்தது போன்ற பொருத்தம் இருந்தது. விருந்தாளிகள் ஏறிவரும் வழியில் தொங்கிய சரவிளக்குகள் பயன்படுத்தி முடித்த தண்ணீர் பாட்டில்களால் ஆனவை. அது நல்ல யோசனை என்றாலும், தனி விமானத்தில் வந்திறங்குகிறவர்களின் தலைக்கு மேல் அந்த பாட்டில்கள் தொங்கியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

நீங்கள் படிக்கும் கலைக்குப் பயன்படும் செய்தி இன்னொன்றும் உண்டு. இங்கே மண்டபம் வாடகைக்கு எடுத்த இடமன்று. கலைப்பொருள்கள் வாழும் வீடு. 2015இல் ரிஹானா பாடிய கூடத்தில் நிற்பது டென்டூர் கோயில். அஸ்வான் அணை நீரில் மூழ்காமல் காப்பாற்றி, எகிப்து அமெரிக்காவுக்கு அளித்த இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான மணற்கல் கட்டடம் அது. அத்தகைய இடத்தில் சுவரில் ஆணி அடிக்க முடியாது. எதை நிறுத்தினாலும் தன் காலிலேயே நிற்க வேண்டும். பூக்கூடையில் ஒளிந்துவரும் ஒரு சிறு வண்டின் புழுக்கள் போதும், பழைய கம்பளித் துணியை அரித்துவிடும். எல்லாவற்றையும் சில நாள்களில் நிறுத்தி, விருந்து முடிந்த கையோடு சுவடு தெரியாமல் எடுத்துவிட வேண்டும். பூ வாங்கப் பணம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

கேள்வி: அந்த விருந்தில் விரிக்கும் கம்பளம் கேரளத்தில் நெய்யப்படுகிறது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: உண்மைதான், உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில்தான் நெய்யப்படுகிறது. ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலையில் உள்ள எக்ஸ்ட்ராவீவ் நிறுவனத்தின் 'நெய்த்' பிரிவு 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அந்த விரிப்பைச் செய்து அனுப்பியது. நெய்தலைக் குறிக்கும் மலையாளச் சொல்லே அதன் பெயர்; தமிழருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கயிற்றுப் பாய்க்குப் பேர்போன ஊர் என்றாலும், இந்த விரிப்பு தென்னை நாரால் ஆனதன்று. கற்றாழையைப் போன்ற சிசல் செடியின் நார். 2025இல் 480 பேர் 90 நாள் உழைத்து, 30 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட 57 சுருள்களை நெய்தார்கள். மொத்தம் 6,840 சதுர மீட்டர். நாம் தொலைக்காட்சியில் கண்ட கருநீலப் பரப்பும் அதில் சிதறிக் கிடந்த நார்சிசஸ் மலர்களும் ஓவியர் சை காவின் வடிவமைத்தவை. அன்று இரவு படமெடுக்கப்பட்ட ஒவ்வொரு பாதணிக்கும் கீழே அந்த நெசவு இருந்தது, செய்தித் தலைப்புகளில்தான் இல்லை.

கேள்வி: விருந்தில் வெங்காயம், பூண்டு கூடாதாமே? விரதமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: விரதம் அன்று, வாய்நாற்றம். பார்ஸ்லி இலை பல்லிடுக்கில் ஒட்டும் என்பதாலும், புருஸ்கெட்டா என்னும் தக்காளி ரொட்டி விலையுயர்ந்த ஆடைமேல் சிந்தும் என்பதாலும் அவற்றுக்கும் தடை உண்டு. விருந்து என்ற பெயரில் சாப்பாட்டுக்கு இதைவிடக் குறைந்த மரியாதை தரும் இடத்தை நான் அறியேன்.

கேள்வி: 2022இல் கிம் கார்டாஷியன் மர்லின் மன்றோவின் பழைய உடையையே அணிந்து வந்தாரே. பழைய ஆடைகளைக் காக்கத்தான் விருந்து என்றால் இது முரண் இல்லையா?
– கோவை வாசகி

பதில்: முரண்தான். 1962இல் மன்றோ அணிந்த அந்த உடை மெட்டுக்குச் சொந்தமானதன்று. ரிப்ளீஸ் என்னும் தனியார் காட்சிக்கூட நிறுவனத்திடமிருந்து வந்தது. கிம் அதைப் படிகளில் ஏறும் சில நிமிடங்களுக்கு மட்டும் அணிந்து, பிறகு நகல் உடைக்கு மாறிக்கொண்டார். ஆயினும், வரலாற்றுச் சிறப்புள்ள உடையை யாரும் அணியக் கூடாது என்று சர்வதேச அருங்காட்சியகக் கவுன்சில் அறிக்கை விடும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்தது. மெட்டின் சேகரிப்புக்குள் வந்துவிட்ட ஆடையை அதன்பின் எவரும் உடுத்த முடியாது.

இந்தக் கேள்விக்கு, கேட்கப்படாமலே வந்த விடை போல அமைந்தது 2024ஆம் ஆண்டுக் கண்காட்சி. இனி ஒருபோதும் அணிய முடியாத ஆடைகளைப் பற்றிய கண்காட்சி அது. விருந்துக்கு வந்தவர்களின் உடைக்கு, ஜே. ஜி. பாலார்டின் 1962ஆம் ஆண்டுச் சிறுகதையிலிருந்து 'காலத்தின் தோட்டம்' என்ற குறிப்புத் தரப்பட்டது. அவர்கள் மலரும் கொடியுமாகப் படியேறிக்கொண்டிருந்தபோது, உள்ளே சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் தைத்த 19ஆம் நூற்றாண்டு நடன உடை ஒன்று, பொம்மையின் தோளில் தொங்கினால் தன் பாரத்தாலேயே கிழிந்துவிடும் என்பதால், கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாந்து கிடத்தப்பட்டிருந்தது. அது ஒரு காலத்தில் எப்படிச் சுழன்றிருக்கும் என்பதை ஒளியால் உருவாக்கிய ஒரு நிழலுருவம்தான் ஆடிக்காட்டியது.