வயல் நண்டைப் பற்றி ஒரு புத்தகம்

கேள்வி: அக்கா, வலங்கைமான் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் நான். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, தினமும் ஒரு புத்தக அட்டையைப் போடுகிறேன். நாலைந்து பேர் லைக் போடுவதோடு சரி, யாரும் புத்தகம் எடுக்க வருவதில்லை. 'பிள்ளைங்க போன்ல கெடக்குறது போதாதா, நூலகமும் அதுக்குள்ள போகணுமா?' என்கிறார் தலைமையாசிரியர். மூடிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் அட்டை போடுவதை நிறுத்துங்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பள்ளி நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள் நான். நானும் அட்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள், 'இந்த வாரம் உங்க வீட்டுல எதப் பத்திப் பேச்சு?' என்று கேட்டு வைத்தேன். வகுப்பில் வாயே திறக்காத ஒன்பதாம் வகுப்புப் பையன் தனியாக எழுதினான்: 'டீச்சர், நண்டு பத்தி புக் இருக்கா?' விலங்கியல் அலமாரிக்கு வா என்று அடிக்கப் போனவள், ஏனோ நிறுத்திவிட்டு, 'எந்த நண்டுப்பா?' என்றேன். 'வயல் நண்டு. வரப்புல வளை போட்டுடுது, தண்ணியெல்லாம் பக்கத்து வயலுக்குப் போயிடுது. அப்பா தெனமும் திட்டிக்கிட்டே அடைக்கிறாரு. அது ஏன் டீச்சர் அங்கயே தோண்டுது?'

தேடியதில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. செவுள் காயாமல் இருக்க நண்டு ஈரமண்ணில் ஒதுங்குகிறது என்று படத்தோடு போட்டிருந்தது. அரைப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் மீதியைப் படிக்க வந்து நின்றான், கையில் காகிதத்தில் பொதிந்த நண்டு ஓட்டோடு. அந்த வருஷம் பதினோரு புத்தகம் எடுத்தான்.

வாசகர் முதலில் கேட்பது பாதிக் கேள்விதான். திருப்பிக் கேட்டால்தான் மீதி வரும். நூலக மேசையில் பழகியவர்களுக்கு இது தெரியும். சாட்டில் அந்த மீதி இன்னும் சுலபமாக வருகிறது. பின்னால் நின்று சிரிக்க ஆள் கிடையாது, அடித்ததை அழித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். கூச்சப்படுகிற வயசில் அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால் குரூப்பைக் கலைத்துவிடுங்கள். எங்கள் குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு மாணவிக்கு யாரோ ராத்திரியில் போன் போட்டுத் தொந்தரவு செய்தான். மறுநாள் அவள் அம்மா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். என் தப்பு அது, இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு பள்ளிக்கென்று தனி போன், தனி சிம் வாங்கி, பிராட்காஸ்ட் லிஸ்டுக்கு மாறினோம். அதில் நாம் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், பிள்ளைகளின் பதில் நமக்கு மட்டும் வரும். நம் நம்பரை அவர்கள் சேவ் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையோடு தனியாகப் பேசுகிறோம் என்பதால் இன்னொருவர் கண்ணும் அதில் இருக்கட்டும். தலைமையாசிரியர் அறைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கட்டும், அதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். 2023-ஆம் வருஷத்து தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லாரும் குழந்தைகள்தான். நேரம் ஆறு முதல் எட்டு வரை போதும். நம் பக்கம் பல வீட்டில் போன் அப்பாவோடு வயலுக்குப் போய் இருட்டித்தானே திரும்புகிறது.

தலைமையாசிரியரிடம் மன்னார்குடியை ஞாபகப்படுத்துங்கள். 1931-ல் அங்கே மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே வருஷம்தான். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்' என்பது அதில் இரண்டாவது விதி. அன்றைக்கு வாசகர் இருந்த ஊருக்கு வண்டி போனது. இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் போனில் இருக்கிறார்கள்.

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள் நூலக டீச்சருக்கு, 'அழுற கதை வேணாம் மிஸ், சிரிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க' என்று மெசேஜ் போட்டிருக்கிறாள். பப்ளிக் எக்ஸாம் வருஷம். கண்டிக்கலாமா? (ஒரு தாய், திருவையாறு)

பதில்: வேண்டாம்மா. அந்த மெசேஜை நீங்கள் பார்த்தது அவளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். சிரிப்பு வேண்டும் என்று பிள்ளை கேட்கிறாள் என்றால் மனசில் ஏதோ பாரம் இருக்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். டீச்சர் தரும் புத்தகத்தை அவள் முடித்ததும் நீங்களும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.