உள்ளங்காலில் கறுப்புத் திட்டு: ஹார்மோன் டெஸ்ட் எடுக்கணுமா?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டுக்குப் போகிறேன். வயது 49. மூன்று வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. ரிப்போர்ட்டில் இ.ஆர்., பி.ஆர். (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள்) பாசிட்டிவ். தினமும் டாமாக்சிஃபென் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக இடது உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு. ஆணிக்கால் பிளாஸ்டர் ஒட்டியும் போகவில்லை. தோல் புற்றுநோயாக இருந்தால் அதற்கும் ஹார்மோன் டெஸ்ட் வேண்டுமா? இந்த மாத்திரையே அதையும் அடக்கிவிடாதா?

பதில்: முதலில் பிளாஸ்டரை நிறுத்துங்கள். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் மேல்தோலை அரித்து, திட்டின் ஓரத்தையும் நிறத்தையும் குழப்பிவிடும். டாமாக்சிஃபெனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது மார்பகத்துக்கான மருந்து; காலிலுள்ளதை அது பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் கூடாது.

காரணம் இதுதான். மார்பகப் புற்றுநோயில் வேலை செய்வது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஆல்ஃபா வகை. ஹார்மோன் அதில் வந்து ஒட்டினால் செல் பெருகும். டாமாக்சிஃபென் முந்திப்போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெலனோமா எனும் கறுப்புத் தோல் புற்றில் முக்கியமாகத் தென்படுவது பீட்டா வகை. அது செல் பெருக்கத்தை அடக்கும் பக்கம் நிற்பது. கட்டி ஆழமாக இறங்க இறங்கக் குறைந்துகொண்டும் வருகிறது. 1980, 90களில் மெலனோமாவுக்குக் கீமோவோடு டாமாக்சிஃபெனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் நம்பிக்கை தந்தது. பெரிய ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை. அதனால் தோல் புற்றுக்கு இ.ஆர். டெஸ்ட் வழக்கத்தில் இல்லை. நீங்களே காசு கட்டி எடுத்தாலும் சிகிச்சை மாறாது.

ஓரிடத்தில் மட்டும் அது கட்டாயம். ஆபரேஷன் தழும்பை ஒட்டியோ மார்புத் தோலிலோ கெட்டியான முடிச்சு, ஆறாத சிவப்புத் தடிப்பு வந்தால், அது மார்பகப் புற்றே தோலுக்கு வந்ததாக இருக்கலாம். அப்போது இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) மூன்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டிலிருந்து முடிவு மாறியிருப்பதுண்டு.

இனி உங்கள் கால். நம் நிறத்தவருக்கு மெலனோமா பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. கைரேகை போலவே அங்கும் மேடும் பள்ளமுமாக ரேகைகள் உண்டு. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் பார்த்தால் மேட்டின் நடுவே வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசைகட்டித் தெரியும். கறுப்பு பள்ளத்தில் கோடுகோடாக ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் படர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முள் குத்தி ரத்தம் கட்டியிருந்தால் தோல் வளர வளரச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். வழக்கமாக ஆறு மாதம் நிற்காது.

இந்த வாரமே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். பழைய மார்பக ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். திட்டு சிறிதென்றால் சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நல்ல தோலோடு முழுதாக எடுப்பார்கள். பெரிதென்றால் மிகக் கறுத்த, தடித்த இடத்திலிருந்து முழு ஆழத்துக்கு ஒரு துண்டு. மேலாகச் சுரண்டுவது, கரண்டில் சுடுவது, லேசர் எதற்கும் சம்மதிக்காதீர்கள். சுட்டுவிட்டால் ஆழத்தை அளக்கவே முடியாது.

மெலனோமா என்று வந்தால், ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது பிரெஸ்லோ ஆழம், அதாவது கட்டி தோலுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற அளவு. அடுத்த ஆபரேஷனை முடிவு செய்வது அந்த மில்லிமீட்டர் கணக்குதான். 1 மில்லிமீட்டர் வரை என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் தோலை எடுப்பார்கள். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர். 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் காலிலிருந்து வரும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் தொடை இடுக்கு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். புண்ணாகியிருக்கிறதா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். எஸ்-100, ஹெச்.எம்.பி.-45 என்றிருந்தால் மிரளாதீர்கள். அவை எந்த வகைச் செல் என்று அடையாளம் காட்டும் சாயங்கள், ஹார்மோன் ஏற்பிகள் அல்ல. நோய் பரவியிருந்தால் மட்டும் பி-ராஃப், கிட் என்ற மரபணு மாற்றங்களுக்கு டெஸ்ட் கேளுங்கள். உங்கள் காசு அங்கே போகட்டும்.